குடோனில் இருபது ஸ்டூல்

எங்கள் கடையில் வேலையாட்கள் உட்காருவதற்கென்று இருபது ஸ்டூல் இருக்கின்றன. எல்லாம் மூன்றாம் மாடி குடோனில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கின்றன. கடையில் நின்று வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்த வருஷம் முதலாளி வாங்கிப் போட்டார். ஆபீசர் வருகிறார் என்று தகவல் வந்தால் கீழே இறங்கும், அவர் போனதும் மேலே ஏறும். ஏற்றி இறக்குகிற பொறுப்பு என்னுடையது. தெற்கு மாசி வீதி ஜவுளிக்கடை ஒன்றில் இரண்டாம் மாடி சேலைப் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். பெயர் விஜய்ஆனந்த், வயது நாற்பத்தொன்று.

ஆடித் தள்ளுபடி ஆரம்பித்த வாரத்தில் பாண்டிமீனா என்னிடம் வந்தாள். நாகமலை புதுக்கோட்டைப் பக்கமிருந்து பஸ் பிடித்து வருகிற பெண். வயிற்றில் ஆறு மாசம். டைல்ஸ் ஒட்டப் போன வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டு வீட்டில் கிடந்தார். எட்டாம் மாசம் வரைக்கும் எப்படியாவது வேலை பார்த்துவிட வேண்டும் என்று அவள் இருந்தாள்.

"அண்ணே, மேல ஸ்டூல் சும்மாதானே கெடக்கு. கூட்டம் இல்லாதப்ப மட்டும் உக்காந்துக்கிறவா? காலு அம்புட்டும் வீங்கிப் போகுதுண்ணே."

முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கவில்லை. அவர் கீழே கல்லாவில்தான் இருந்தார், இறங்கிப் போனால் நாற்பது படி. மறுநாள் அவள் வந்து நின்றபோது, முதலாளி வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றேன். வாய் கூசவில்லை. அவளும் சரிண்ணே என்று போய்விட்டாள். அதற்குப் பிறகு தினமும் மத்தியானத்துக்கு மேல் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பாள், நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சேலை மடிப்பேன். பத்தாம் நாள், இனி முடியாது, சனிக்கிழமை வரைக்கும்தான் வருவேன் என்று சொன்னாள். அதற்கும் தலையை ஆட்டிவைத்தேன்.

கேட்டால் என்ன, முதலாளி கடித்தா தின்றுவிடுவார் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்திருக்கிறேன். பெரிய மனிதர் என்று யார் எதிரில் இருந்தாலும் எனக்கு உட்காரவும் வராது, வாய் திறந்து ஒன்றைக் கேட்கவும் வராது. பெண் பார்க்கப் போன இடத்தில்கூட நின்றுகொண்டேதான் பஜ்ஜி தின்றேன். மாப்பிள்ளைக்கு மூலம் இருக்குமோ என்று என் மாமனாருக்குச் சந்தேகம் வந்து, ஆள் விட்டு விசாரித்தாராம். என் மனைவி தேவிகா பதினாலு வருஷமாக அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

இது எங்கே ஆரம்பித்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா ராமதாஸ் வேலை பார்த்த கடையை மூடிவிட்டார்கள். மூன்று மாசம் அவருக்கு வேலை இல்லை. இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, சொந்தக்காரர் வீட்டின் பின்கட்டில் ஒற்றை அறையில் ஐந்து பேர் கிடந்தோம். அம்மா கஞ்சியில் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போனாள். அந்தச் சமயத்தில்தான் அப்பாவுக்கு இதே வீதியில் வேறொரு கடையில் வேலை கிடைத்தது.

ஒரு லீவு நாளில் அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். வாடிக்கையாளர்களுக்குப் போட்டிருந்த சிவப்பு மெத்தை நாற்காலி காலியாக இருந்தது, மேலே காற்றாடி சுற்றியது. உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கடை முதலாளி உள்ளே வந்தார். அவர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்ததுதான் எனக்குத் தெரியும். அதற்குள் அப்பா மேஜையைச் சுற்றி ஓடி வந்து, என் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். "இது நாம உக்கார்ற எடம் இல்ல" என்றார். அடித்திருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன். தேர்வு எழுதினேன், வேலைக்குச் சேர்ந்தேன், கல்யாணம் செய்தேன், அந்தக் கை மட்டும் என் தோளுக்குக் கீழே பிடித்தபடியே இருந்தது.

அப்பாவுக்கு இப்போது எழுபது. வேலையை விட்டு ஐந்து வருஷம் ஆகிறது. முப்பத்துச் சொச்சம் வருஷம் நின்றதில் இரண்டு காலிலும் நரம்பு சுருட்டிக்கொண்டு, இடது கணுக்காலுக்கு மேல் ஒரு புண் ஆறாமல் கிடக்கிறது. வீட்டில் டி.வி. பார்ப்பதும் நின்றுகொண்டுதான். உட்காருங்கள் என்று தேவிகா சொன்னால், பழகிருச்சும்மா என்பார். எங்கள் வீட்டில் பேச்சு சௌராஷ்டிரம். நான்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

பாண்டிமீனாவிடம் பொய் சொன்ன பதினோராம் நாள், செவ்வாய்க்கிழமை, காலையில் பெர்மிஷன் போட்டுவிட்டு அப்பாவைக் கோரிப்பாளையத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். புண்ணைப் பார்த்துக் கட்டுப் போட்டு முடித்ததும் அப்பா கட்டிலிலிருந்து இறங்கி நின்றுகொண்டார். நானும் நின்றேன். எதிரில் இரண்டு நாற்காலி காலியாக இருந்தது. எதற்காக இரண்டு பேரும் காவலுக்கு நிற்கிற மாதிரி நிற்கிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். நாங்கள் சிரித்து மழுப்பினோம். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என்ன வேலை என்றார். சொன்னேன். பேண்ட்டை முழங்கால் வரைக்கும் தூக்கச் சொன்னார்.

நான் தூக்கினேன். அந்தக் கால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு வருஷமாக தேவிகாவுக்குக் காட்டாமல் லுங்கிக்குள் வைத்திருந்தேன். கெண்டைக்காலில் நரம்பு பச்சையாக, புழுப் புழுவாக, அப்பா காலில் எங்கே இருந்ததோ அங்கேயே இருந்தது. நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை என்பார்கள். எங்கள் வீட்டில் அப்பாவைப் போல.

அப்பா குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு யாரும் சொல்லாமலே, நாற்காலியை இழுத்து அதில் உட்கார்ந்தார்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் எங்கள் எதிரே பூக்கூடையோடு ஓர் அம்மா, பக்கத்தில் காலேஜ் பிள்ளைகள் இரண்டு பேர். நம் பேச்சு இவர்களுக்குப் புரியாது என்ற தைரியம் அப்பாவுக்கு வந்திருக்க வேண்டும். பாலம் தாண்டும்போது, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னிக்கு மொதலாளி ஒண்ணும் சொல்லலப்பா."

எந்த நாள் என்று நான் கேட்கவில்லை.

"'பிள்ள உக்காரட்டும், விடு ராமதாசு'ன்னுதான் சொன்னாரு. உனக்கு அது காதுல விழுகல. நான்தான் தூக்கினேன்."

ஏன் என்றேன்.

"சேந்து நாப்பது நாள்தான் ஆயிருந்துச்சு. அவர் இன்னிக்கு உக்காரட்டும்பாரு, நாளைக்கு ஒரு கோவத்துல எந்திரின்னு சொல்லிட்டா? நானே மொதல்ல சொல்லிட்டா, அவர் வாயால கேக்க வேண்டாம்ல."

எனக்கு ஆத்திரம் வந்தது. சத்தம் போட வேண்டும்போல் இருந்தது. இருபத்தொன்பது வருஷமாக நான் பயந்துகொண்டிருந்த ஓர் அதட்டலை யாரும் போடவே இல்லை. ஆனால் மூன்று மாசக் கஞ்சியும், அந்தப் பின்கட்டு அறையும் நினைவுக்கு வந்தன. அப்போது அப்பாவுக்கு நாற்பத்தொன்று, இப்போது எனக்கு இருக்கிற வயது. அவருக்காவது வீட்டில் அரிசி இல்லை. எனக்கு என்ன கேடு? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான் என்று யாரையோ சொல்வார்கள். நான் சாமியைக் கேட்காமலே கதவைச் சாத்திய பூசாரி.

அப்பாவை வீட்டுப் பக்கம் போகிற ஆட்டோவில் ஏற்றிவிட்டுக் கடைக்கு வந்தேன். நேராகக் கல்லாவுக்குப் போனேன். சேலைப் பிரிவில் ஒரு பெண் மாசமாக இருக்கிறாள், அவளுக்கு மேலிருந்து ஒரு ஸ்டூல் எடுத்துக் கொடுக்கலாமா என்றேன். முதலாளி போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"குடுங்க. கஸ்டமர் வந்தா மட்டும் எந்திரிக்கச் சொல்லுங்க. இதுக்கெல்லாமா என்னைக் கேக்குறீங்க?"

அவ்வளவுதான். அவர் தங்கமானவர் என்று சொல்ல வரவில்லை. தங்கமானவராக இருந்தால் ஸ்டூல்கள் குடோனுக்கே போயிருக்காது. ஆனால் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

மூன்றாம் மாடி ஏறி, மேலிருந்த ஸ்டூலை எடுத்து உறையைக் கிழித்தேன். தூக்கிக்கொண்டு இறங்கி, மேஜைக்குப் பின்னால் பாண்டிமீனா பக்கத்தில் போட்டேன். அவள் ஸ்டூலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"மொதலாளி மனசு மாறிட்டாராண்ணே?"

ஆமா என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தையில் எல்லாம் மூடிப் போயிருக்கும், அவளும் சந்தோஷமாக உட்கார்ந்திருப்பாள்.

"அவர் வேண்டாம்னு சொல்லவே இல்லம்மா. நான் அவர்ட்ட கேக்கவே இல்ல. இன்னிக்குத்தான் கேட்டேன்."

அவள் முகத்திலிருந்த சிரிப்பு போக நேரமாயிற்று.

"பதினோரு நாளாவாண்ணே?"

"ஆமா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏன் என்றாவது கேட்டிருக்கலாம், ஷேர் ஆட்டோவில் கேட்டதை முழுசாகச் சொல்லியிருப்பேன். அவள் ஸ்டூலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து, செருப்பைக் கழற்றினாள். வார் அழுந்திய தடம் பாதத்தில் பள்ளமாக இருந்தது. சனிக்கிழமைக்கு அப்புறமும் வருவாயா என்று கேட்டேன். வாரேண்ணே, வேற என்ன செய்யச் சொல்றீங்க என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

சுங்குடிச் சேலை கேட்டு அவனியாபுரத்திலிருந்து தாயும் மகளும் வந்தார்கள். பாண்டிமீனா மேஜையைப் பிடித்து எழப் போனாள். நீ உட்கார்ந்தபடியே விலை சொல்லு, நான் எடுத்துப் போடுகிறேன் என்றேன். முதலாளி கேமராவில் பார்ப்பாரே என்றாள். பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டு, மேல் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கிப் பிரித்துப் போட்டேன். கெண்டைக்கால் வலித்தது.

உண்மையைச் சொல்ல அப்பாவுக்கு இருபத்தொன்பது வருஷம் பிடித்தது, எனக்குப் பதினோரு நாள். எங்கள் வம்சத்தில் இது முன்னேற்றம்தான். ஆனாலும் அந்தப் பதினோரு நாளும் நின்றது அவள் கால்.