பல்லி கூப்பிட்ட மழை

பட்டன் தைத்துக்கொண்டிருந்த அக்கா, ஊசியைச் சட்டையிலேயே குத்திவிட்டு ஃபோனை எடுத்தாள். திரையில் ஓடிய விளையாட்டில் அவளுடைய தவளை மழையில் நின்றது. எதிரே தங்கையின் நெருப்புப் பல்லி. மழை விட்டால் தவளையின் கதை முடிந்தது.

இரண்டு பேருமாக நடத்திய தையல்கடைதான் இது. ஒருநாள் வாடிக்கையாளர் எதிரிலேயே, "உனக்குக் கத்தரி பிடிக்கவே தெரியல" என்று அக்கா வார்த்தையை விட்டுவிட்டாள். தங்கை வேறு கடைக்குப் போய்விட்டாள். அவளுடைய மெஷின் மூலையில் துணி போர்த்திக் கிடக்கிறது. பேச்சு நின்றது, ஃபோனில் இந்த விளையாட்டு மட்டும் நிற்கவில்லை. இவள் ஒரு முறை, அவள் ஒரு முறை. நேற்று தங்கை அதில் எழுதியிருந்தாள்: "இதுதான் கடைசி ஆட்டம். முடிஞ்சதும் கேமை அழிச்சிடுவேன்."

ஜெயிப்பதாவது தோற்பதாவது, ஆட்டம் முடியாமல் இருந்தால் போதும் என்றிருந்தது அக்காவுக்கு. அதற்குத்தான் மழையை வரவழைத்தாள். மழையில் நெருப்பின் சூடு பாதியாகிவிடும், தவளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெம்பு ஊறும். ஆனால் ஐந்தே சுற்று. எதற்கும் இருக்கட்டும் என்று மழை பெய்யும்போதே இன்னொரு தரமும் கூப்பிட்டாள். 'ஏற்கெனவே மழை பெய்கிறது' என்று சொல்லி, அந்த முறையை விளையாட்டு விழுங்கிவிட்டது.

"மழைக்குமா ரெட்டைத் தையல்?" என்றார் அவளுடைய வீட்டுக்காரர்.

"சிரிக்காதீங்க. கூட கொஞ்ச நேரம் பெய்யும்னு நெனச்சேன்."

"ஃபோன் போட்டு ஒரு வார்த்தை பேசேன்."

"எடுக்கமாட்டா."

"போட்டுப் பாத்தியா?"

அக்கா நூலைப் பல்லால் கடித்தாள்.

சாயங்காலம் திரையில் மழை விட்டது. இனி தங்கையின் முறை. ஃபோன் அதிர்ந்தபோது அக்கா திரும்பவே இல்லை. "நீங்களே பாத்துச் சொல்லுங்க."

"உன் தவளை நிக்குது."

"பொய்."

"மழைய அவ கூப்பிட்டிருக்கா."

"அவளுது நெருப்பாச்சே, அவளுக்கு எதுக்கு மழை?"

"அத என்கிட்ட கேட்டா?"

அக்கா ஃபோனைப் பிடுங்கிப் பார்த்தாள். மழை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பெய்தது. பல்லியின் வால் நெருப்பு ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஒரே ஒரு தண்ணீர் அடி, ஜெயித்துவிடலாம்.

விரல் அந்தப் பொத்தானுக்குப் போகவில்லை. தங்கையின் நம்பரை அழுத்திக் காதில் வைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. அக்கா எழுந்து மூலைக்குப் போய், மெஷின் மேலிருந்த துணியை ஒற்றைக் கையால் இழுத்தாள். ஊசியில் தங்கை கோத்த பச்சை நூல் அப்படியே இருந்தது.