அம்மா தூங்கும் வீட்டில் ஒரு கிராபிக்ஸ் கார்டு

எங்கள் வீட்டில் காலை ஒன்பது மணிக்கு மேல் யாரும் தும்மக்கூடாது. சட்டம் போட்டவள் நான்தான்.

அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவின் இரவு நர்ஸ். ஊரே குளித்துக் கிளம்பும் நேரத்தில் அவள் வீட்டுக்கு வந்து, ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டுப் படுப்பாள். அந்தத் தூக்கத்துக்கு நான் காவல். நான் வேலை பார்ப்பது திரைச்சீலைக் கடையில். ஒரு பொட்டு வெளிச்சம்கூட நுழையாத கறுப்புத் துணியாகப் பார்த்து வாங்கி வந்து அம்மாவின் அறை ஜன்னலுக்கு மாட்டினேன். நாற்காலிக் கால்களுக்குப் பழைய சாக்ஸ் போட்டேன். காலிங்பெல்லின் பேட்டரியைக் கழற்றி என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். தங்கை என்னை வாட்ச்மேன் என்றுதான் கூப்பிடுவாள். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

கரண்ட் போனால் மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. சீலிங் ஃபேன் நின்ற மறுநொடி அம்மா எழுந்து உட்கார்ந்துவிடுவாள். பாவம், புழுக்கம் தாங்கவில்லை என்று நினைத்து, லீவு நாளாக இருந்தால் அட்டையை எடுத்து வீசிவிடுவேன்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அம்மாவுக்கு நான் பெரியவள், தங்கை சின்னவள். சின்னவள் சூப்பர் மார்க்கெட்டில் மதியத்துக்கு மேல் பில் போடுகிறாள். காலையெல்லாம் வீட்டில் இருப்பாள், அதாவது அம்மா தூங்கும் நேரம் முழுக்க. அவளுக்குச் சின்ன வயதிலிருந்து ஒரே ஆசை, சொந்தமாகக் கேம் விளையாடும் கம்ப்யூட்டர். மற்றவர்கள் விளையாடுவதைப் போனில் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவள் அவள். எந்தக் காட்டில் எந்தப் பாறைக்குப் பின்னால் ஓநாய் இருக்கிறது என்பதைக் கரைத்துக் குடித்திருந்தாள், ஒரு தடவைகூட அந்தக் காட்டுக்குள் போகாமலே.

பெட்டி, மதர்போர்டு, மெமரி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தாள். பழைய டிவியையே மானிட்டராக்கிக்கொள்வதாகத் திட்டம். மிச்சம் இருந்தது கிராபிக்ஸ் கார்டு ஒன்றுதான்.

"படம் வரையற பார்ட் அது அக்கா. அது இல்லன்னா கேம்னு சொல்றது வெறும் கணக்குதான். அந்தக் கணக்கக் காடாவும் மழையாவும் வரைஞ்சு காட்டறது அந்தக் கார்டு" என்று எனக்கு வகுப்பு எடுத்தாள்.

"சத்தம் வருமா?" என்றேன். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

சின்னவள் மதர்போர்டின் அட்டைப்பெட்டியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

கம்ப்யூட்டரை வைக்க எங்கள் ஹாலில் ஒரே ஓர் இடம்தான் உண்டு. பிளக் பாயின்ட் இருக்கும் சுவர் ஓரம். சுவர் என்று பெயர்தானே தவிர, பிளைவுட் பலகை. பலகைக்கு அந்தப் பக்கம் அம்மாவின் தலையணை. சின்னவள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்ளலாம். கார்டுக்கு யார் மாட்டுவது?

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். மாடிப்படிக்குக் கீழே, ஒயர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த கடைக்காரர் இரண்டு கார்டுகளை எடுத்து வைத்தார். கிட்டத்தட்ட ஒரே விலை. ஒன்று ஏதோ கேம் சென்டரில் ஓடி ஓய்ந்த பழசு. நீளமாக, மூன்று விசிறிகளோடு, செங்கல் கனம் கனத்தது. இன்னொன்று புதுசு, கையடக்கம். ஆனால் மெமரி பழசில் பாதிதான்.

சின்னவளின் கண் பழசை விட்டு நகரவில்லை. "அக்கா, இதுல போட்டா காட்டுல ஒவ்வொரு இலையும் தெரியும். தண்ணிக்குள்ள மீன் போறது தெரியும். சின்னதுல நிழலெல்லாம் கொறச்சு வைக்கணும், புல்லக் கொறைக்கணும்."

"ஓட விட்டுக் காட்டுங்க. நான் கேக்கணும்" என்றேன்.

"கேக்கணுமா? பாக்கணும்னுதானே எல்லாரும் சொல்வாங்க" என்றார் கடைக்காரர்.

"எங்க வீட்ல காதுதான் முக்கியம்."

அந்த மனிதர் நல்லவர். ஏசியை அணைத்தார். நான் போய்க் கடைக்கதவைச் சாத்தினேன். சார்ஜர் வாங்க வந்த ஒருவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். உதட்டில் விரலை வைத்து ஒரு முறைப்பு முறைத்தேன், கப்சிப். பழைய கார்டு ஓட ஆரம்பித்தது. முதலில் முனகியது, பிறகு சீறியது. சின்னவள் அந்த ஆட்டத்தைத் திறந்ததும் மிக்ஸியில் கல்லைப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. திரையில் காடு மட்டும் அப்படியொரு அழகு. பொய் சொல்லக்கூடாது, நானே ஒரு நிமிடம் அசந்து நின்றேன். காற்றுக்கு இலைகள் தனித்தனியாகத் திரும்பின.

சரி, இதோ வரப்போகிறது சண்டை என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். ஆனால் சின்னவள் காட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளாகவே ஆட்டத்தை மூடினாள்.

"இது வேணாம்ணா. எங்கம்மாவால தூங்க முடியாது" என்றாள் கடைக்காரரிடம்.

எத்தனை வருட ஆசை! ஒரு முணுமுணுப்புகூட இல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவளைப் போல ஒரு தங்கை எனக்கு வாய்த்ததை நினைத்துப் பெருமையாக இருந்தது. அதை அவளிடம் சொன்னால் தலைக்கு மேல் ஏறி உட்காருவாள் என்பதால் சொல்லவில்லை.

கடைக்காரர் புதுசை ஓடவிட்டார். விசிறி சுற்றியபோதே மெல்லிய முனகல்தான். "சும்மா இருக்கும்போது இதுல ஃபேனே சுத்தாதும்மா. சூடானாத்தான் சுத்தும். ஆறிடுச்சுன்னா தானா நின்னுடும். அப்போ சுத்தமா சத்தமே இருக்காது" என்றார்.

"நின்னுடுமா?"

"அடியோட நின்னுடும்."

"அதையே குடுங்க" என்றேன். புதையல் கிடைத்தது போல இருந்தது எனக்கு.

அன்று மாலை அம்மா டூட்டிக்குக் கிளம்பும் முன் கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. திரையில் வில்லும் அம்புமாக ஒரு பெண் காட்டுக்குள் நின்றாள். இலைகள் கொஞ்சம் குறைவு, மரங்களுக்கு நிழல் கிடையாது. சின்னவளுக்கு அதுவே சொர்க்கம். அம்மா யூனிபார்மோடு குனிந்து பார்த்தாள்.

"இது யாருடி, நீயா?"

"நான்தான்மா."

"கையில்லாத சட்டையப் போட்டுக்கிட்டு காட்டுல நிக்கிறியே, குளிராது? ஒரு ஸ்வெட்டர் கெடைக்காதா அங்க?"

"கரடியக் கொன்னா தோல் கெடைக்கும்மா."

"கரடியெல்லாம் வேணாம். பேசாம வீட்டுக்குள்ள இரு" என்று திரைக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனாள்.

இத்தனை பார்த்துப் பார்த்து வாங்கியும் அம்மாவின் தூக்கம் கெட்டது.

காலையில் சின்னவள் விளையாடுவதும் எழுந்து போவதுமாக இருக்கும்போது அம்மா சிவந்த கண்களோடு கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பாளாம். "ஒண்ணுமில்ல, தண்ணி குடிக்க வந்தேன்" என்பாளாம். படுத்துக் கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்து வருவாளாம். மறுவாரம் அம்மா பஸ்ஸில் தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்து வைக்கும்போது கண் இருட்டி, கூட வேலை பார்க்கிற நர்ஸ் பிடித்து உட்கார வைத்தாளாம். அம்மாவின் கையில் இருப்பது காய்கறிப் பையா? ஒவ்வொரு இரவும் மற்றவர்களின் உயிர். ஒரு சொட்டு கூடினாலும் குறைந்தாலும் என்ன ஆகும்?

சின்னவளைப் பிடிபிடி என்று பிடித்தேன். "உன் பொட்டியத் தூக்கி வெளிய வை!"

"சத்தமே இல்லக்கா! வேணும்னா நீயே வந்து கேளு!" அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. கம்ப்யூட்டர்மேல் பெட்ஷீட்டைப் போட்டு மூடினாள். அதன்பின் அம்மா அடித்துப் போட்டது போலத் தூங்கினாள். ஆக, குற்றவாளி கம்ப்யூட்டர்தான். ஆனால் சத்தமே போடாத பெட்டி ஆளை எப்படி எழுப்பும்? எனக்கு மண்டை காய்ந்தது. மூடிக் கிடந்த பெட்ஷீட்டுக்கு எதிரே உட்கார்ந்து சின்னவள் பழையபடி போனில் அடுத்தவர் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கவும் எனக்குச் சகிக்கவில்லை.

கடையில் லீவு சொன்னேன். சின்னவளை விளையாடச் சொல்லிவிட்டு, அம்மாவின் அறைக்குள் சத்தமில்லாமல் நுழைந்து, கட்டிலோரம் தரையில் படுத்துக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

முதலில் சீலிங் ஃபேன் சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. பிறகு பலகைக்கு அந்தப் பக்கம் கார்டின் விசிறி சுற்றத் தொடங்கியது. பக்கத்தில் யாரோ நிதானமாக மூச்சு விடுவது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். அம்மா அசையவில்லை. லேசாக வாய் திறந்து, குழந்தை போலத் தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்கே கண் சொருகியது.

ஹாலில் சின்னவள் டீ போட எழுந்திருக்கிறாள். ஆட்டத்தை மூடிவிட்டுப் போயிருக்கிறாள். கார்டு ஆறியது. விசிறி நின்றது. சீலிங் ஃபேன் மட்டும் பழையபடி சுற்றிக்கொண்டிருந்தது.

அம்மா கண்ணைத் திறந்தாள். ஒரே உதறலில் எழுந்து உட்கார்ந்தாள். கால்கள் செருப்பைத் தேடின, கை நைட்டியில் இல்லாத பையில் இல்லாத பேனாவைத் தேடியது.

"எது நின்னுச்சு?" என்றாள். "எத்தனாவது பெட்?"

அவள் இன்னும் தூக்கத்தில்தான் இருந்தாள். நான் எழுந்து அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். "அம்மா, வீடும்மா. நம்ம வீடு."

என்னை அடையாளம் தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அங்க மூச்சு மெஷின் எல்லாம் ராத்திரி பூரா ஓடிக்கிட்டே இருக்கும்டி. ஓடுற வரைக்கும் பயமில்ல, நான் பாட்டுக்கு என் வேலையப் பாப்பேன். ஒண்ணு நின்னாத்தான் ஓடணும்."

"இத ஏம்மா எங்ககிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்றது? எதுக்கு முழிக்கிறேன்னு எனக்கே தெரியல. தாகம்னு நெனச்சேன்."

கரண்ட் போகும்போதெல்லாம் அவள் எழுந்து உட்கார்ந்ததும், நான் மாய்ந்து மாய்ந்து அட்டையால் வீசியதும் ஞாபகம் வந்தது. அதெல்லாம் புழுக்கமே இல்லை. எத்தனை வருடமாக இந்த மனுஷி தூக்கத்தில்கூட யாரையோ காப்பாற்ற ஓடிக்கொண்டிருக்கிறாள்! அவள் மடியில் முகத்தை வைத்து அழுதேன். "என்னடி இது, லூசு" என்று தலையைத் தடவினாள்.

பிறகு ஹாலுக்கு ஓடி, என் சட்டத்தை நானே மீறிக் கத்தினேன். "நிறுத்தாதடி! அது ஓடட்டும்! நிக்கவே கூடாது!"

சின்னவள் கையிலிருந்த டீயைப் பாதி கொட்டிவிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"ஆக, சத்தமில்லாத கார்டு வேணும்னு கடைக்கதவயெல்லாம் சாத்தி..."

"வாய மூடு."

"என் எலையெல்லாம் போச்சேக்கா!" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கார்டுக்கென்று ஒரு செட்டிங் பக்கம் இருந்தது. சூட்டுக்கு ஏற்ற விசிறி வேகத்தை ஒரு கோடாகப் போட்டிருந்தார்கள். கோடு முதலில் சைபரில், தரையோடு தரையாகக் கிடந்து, பிறகு ஏறியது. சின்னவள் தரையில் கிடந்த பகுதியை மவுஸால் பிடித்துக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்தாள். அதற்குப் பிறகு கார்டு எவ்வளவு ஆறினாலும் விசிறி நிற்பதில்லை.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. மதியம் சின்னவள் வேலைக்குப் போகும்போது கம்ப்யூட்டரை அணைத்தால்? அதற்கும் அவளே வழி கண்டுபிடித்தாள். அணைக்காமலே போகிறாள். ஆட்டத்தில் அந்த வில்லுக்காரியை ஒரு மரத்தடியில் நிறுத்திவிட்டு, "ஓநாய் வராத எடமாப் பாத்துத்தான் நிறுத்தியிருக்கேன். அம்மா எந்திரிச்சு ஆஃப் பண்ணிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கரண்ட் பில் என்று நான் முணுமுணுத்தேன். யாரும் காதில் வாங்கவில்லை.

அம்மாவின் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம் மெல்ல மறைந்தது. பஸ்ஸில் சரியான இடத்தில் இறங்கினாள்.

நேற்று ஓர் அளவு நாடாவை வீட்டிலேயே மறந்துவிட்டதால் சாயங்காலத்துக்கு முன்பே திரும்பி வந்தேன். வழக்கம்போலப் பூனை நடை நடந்து, கதவை ஓசையில்லாமல் திறந்தேன். அம்மா எழுந்துவிட்டிருந்தாள். கலைந்த தலையோடு திரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். திரையில் நிழலில்லாத மரத்தடியில் வில்லுக்காரி தனியாக நின்றிருந்தாள். சின்னவள் எப்படியோ அவளுக்கு ஒரு தோல் சட்டை சம்பாதித்துக் கொடுத்திருந்தாள். கார்டு நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அம்மா குனிந்து அந்தப் பெண்ணின் முகத்தருகே மெதுவாகச் சொன்னாள். "நான் எந்திரிச்சிட்டேன்டி. நின்னது போதும், நீ போய்ப் படு."

பிறகு சின்னவள் சொல்லிக்கொடுத்தபடி அணைத்தாள். விசிறி கொஞ்சம் சுற்றி, நின்றது. அம்மா எங்கேயும் ஓடவில்லை.