பேய் வீட்டில் ஒரு தொட்டில்

பிந்தாங் ராயா கேளிக்கைப் பூங்காவில் ஒரு கொண்டாட்டம் முடிவதற்குள் அடுத்ததற்கான வேலை தொடங்கிவிடும். சீனப் புத்தாண்டு விளக்குகளைக் கழற்றும்போதே பள்ளி விடுமுறைக்கான நீர்ச்சறுக்குப் போட்டியைப் பற்றிப் பேச்சு நடக்கும். கடற்கரைச் சாலை வெயிலில் கொதிக்கும்போது டிசம்பர் மாதத்துச் செயற்கைப் பனிக்கு எங்கிருந்து எந்திரம் கொண்டுவருவது என்று வாக்குவாதம் நடக்கும். ரூபினிக்கு இதெல்லாம் பழகிப்போன வேலை. நிகழ்ச்சிப் பிரிவில் அவள் சொன்னால் நடக்கும் என்று ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள அவளும் பாடுபட்டாள்.

அந்த ஆண்டு அக்டோபர் மாதப் பேய்த் திருவிழாதான் தலைவலியாக இருந்தது. முந்தைய வருடம் வந்தவர்கள் பல் நீண்ட வெள்ளைக்காரப் பேய்களைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். பயந்து ஓடவேண்டிய இடத்தில் பேயின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். பிரிவின் தலைவி சலேஹா கூட்டத்தில் மேசையைத் தட்டினாள். "நம்ம ஊர் ஆளுங்களுக்கு எது வயிற்றைக் கலக்கும்? அதைச் சொல்லுங்கள்" என்றாள் மலாயில். ஆளாளுக்கு வாழைமரத்துப் பேய், கூந்தல் விரித்த பேய் என்று சொன்னார்கள். எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த பேய்கள். சலேஹா கொட்டாவி விட்டாள்.

"ஒரு அறை" என்றாள் ரூபினி. "சாதாரண ஃபிளாட் வீட்டு அறை. பேயே வேண்டாம். கூரையிலிருந்து ஸ்பிரிங்கில் தொங்கும் சாரோங் தொட்டில், கைலித் துணியில் கட்டியது. உள்ளே குழந்தை இல்லை. ஆனால் தொட்டில் ஆடிக்கொண்டிருக்கிறது. ஸ்பிரிங் சத்தம் மட்டும் கேட்கிறது."

யாரோ சிலிர்த்த கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்கள்.

"எங்கிருந்து பிடித்தாய் இதை?" என்று கேட்டாள் சலேஹா.

"சும்மா, தோணுச்சு" என்றாள் ரூபினி.

அது தோன்றியதல்ல. அவளுடைய அண்ணி மோகனா அவளிடம் சொன்னது.

அண்ணன் லோகேஸ்வரனுக்கும் அண்ணிக்கும் பல வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை கிஷன். பிறக்கும்போதே இதயத்தில் கோளாறு. மூன்று மாதம் இருந்தான். அவன் போன பிறகு அவர்களுடைய ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டுக்கு வந்து போனவர்கள் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அண்ணி எல்லோருக்கும் தேநீர் கொடுத்து அனுப்பினாள். வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஒருநாள் சமையலறையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டே ரூபினியிடம் மட்டும் சொன்னாள்:

"தொட்டில அவர் கழட்டி வெச்சிட்டாரு. ஆனா சாயங்காலம் ஆனா அந்த ஸ்பிரிங் சத்தம் கேக்குது, ரூபினி. வெளிய சொன்னா பைத்தியம்னு சொல்லுவாங்க."

"பயமா இருக்கா அண்ணி?"

"ச்சே. பயமெல்லாம் இல்ல. கேக்காம போயிடுமோன்னுதான் பயம்."

அன்றைக்கு ரூபினி அழுதாள். உண்மையாகவே அழுதாள். ஆனால் கூட்டத்தில் சலேஹா கொட்டாவி விட்டபோது அவள் வாயில் முதலில் வந்தது அந்தத் தொட்டில்தான். சொன்ன பிறகு மனத்தில் ஏதோ நெருடியது. யாருக்குத் தெரியப்போகிறது, ஊரில் எந்த வீட்டில்தான் சாரோங் தொட்டில் இல்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அறையைக் கட்டியவர் காஜா மொய்தீன். பூங்காவின் மேடைத் தச்சர், ஜார்ஜ் டவுன்காரர். கொக்கியை மாட்டிவிட்டு ஏணியில் நின்றபடியே கேட்டார்: "சாரோங் என்ன கலருமா?"

"பச்சைண்ணே. ஓரத்துல மஞ்சப் பூ போட்டது."

சொல்லிவிட்டுத் தன் மேசைக்கு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கிஷனின் தொட்டில் பச்சை. ஓரத்தில் மஞ்சள் பூ. அவள் திரும்பிப் போய் நிறத்தை மாற்றச் சொல்லியிருக்கலாம். ஐந்து நிமிட வேலை. அதற்குள் யாரோ தொலைபேசியில் கூப்பிட்டார்கள், அவள் போகவில்லை.

திருவிழா தொடங்கியது. தொட்டில் அறைதான் பேச்சு. மற்ற அறைகளில் கத்திவிட்டுச் சிரித்தவர்கள் அங்கே வந்ததும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அக்கரையில் பட்டர்வொர்த்திலிருந்து படகில் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். நுழைவாயிலின் பெரிய திரையில் 'அடுத்த ஆண்டு: தொட்டில் வீடு, முழு மாடி' என்று அறிவிப்பே ஓடத் தொடங்கிவிட்டது. சலேஹா ரூபினியின் தோளைத் தட்டி, தலைமை அலுவலகத்தில் அவள் பெயரைச் சொல்லியிருப்பதாகச் சொன்னாள். ரூபினிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனபோதுதான் சோறு இறங்கவில்லை.

"பேக்டரில ஃபேமிலி டே லா" என்றான் லோகேஸ்வரன். "ஒங்க பார்க்குக்குத்தான் டிக்கெட் குடுத்திருக்கானுங்க. இவளையும் கூட்டிட்டு வரேன். வீட்டுக்குள்ளயே கெடக்கா."

ரூபினிக்குக் கை நின்றது. "வேணாண்ணே. ஒரே கூட்டம். மழை வேற."

"மழைன்னா என்ன, உள்ளதான இருக்கு எல்லாம்?"

"பேய் வீடெல்லாம் அண்ணிக்கு ஒத்துக்காது" என்றாள் அவள்.

அண்ணி நெடுநாளைக்குப் பிறகு சிரித்தாள். "என்னைய என்னன்னு நெனச்ச? நான் வரேன். நீ செஞ்சத நான் பாக்க வேணாமா?"

அப்போது சொல்லியிருக்க வேண்டும். எழுந்து கை கழுவிக்கொண்டே சொல்லியிருக்கலாம். படியிறங்கும்போது சொல்லியிருக்கலாம். நாளைக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்த நாளை வரவே இல்லை. அவர்கள்தான் வந்தார்கள்.

பொழுது சாயும் நேரம். ரூபினி பேய் வீட்டின் வாசலில் சலேஹாவோடும் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த பெரிய அதிகாரிகளோடும் நின்றுகொண்டிருந்தாள். வரிசையில் அண்ணனின் தலை தெரிந்தது. பக்கத்தில் அண்ணி, ஊதா நிறச் சுரிதாரில், தலையில் பூ வைத்துக்கொண்டு. அவள் ரூபினியைப் பார்த்துக் கையசைத்தாள்.

பத்தடி தூரம்கூட இல்லை. ஓடிப்போய் அண்ணியின் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். ஆனால் அதிகாரிகளில் ஒருவர் அவளிடம்தான் பேசிக்கொண்டிருந்தார். இந்த யோசனை எப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தார். ரூபினி பதில் சொன்னாள். சொல்லிக்கொண்டே, கதவு திறந்து அண்ணனும் அண்ணியும் இருட்டுக்குள் போவதைப் பார்த்தாள். பிறகுதான் வாக்கி டாக்கியை எடுத்து, தொட்டிலை நிறுத்தச் சொன்னாள். உள்ளே இருந்த சத்தத்தில் யார் காதிலும் அது விழவில்லை.

முதலில் வெளியே வந்தவன் அண்ணன். தனியாக வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"மோகனா பின்னாடியே வந்தா. காணோம்" என்றான். அந்தத் தொட்டிலைப் பார்த்துவிட்டான் என்பது அவன் ரூபினியைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

அவள் உள்ளே ஓடினாள். தொட்டில் அறைக்குள் கூட்டம் அடைத்து நின்றது. அலறல், விசும்பல், அதற்கு நடுவே கைகளில் தூக்கிப் பிடித்த தொலைபேசிகளின் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் அண்ணி நின்றிருந்தாள். ஒரு கையால் பச்சைச் சாரோங்கைப் பிடித்துத் தொட்டிலை நிறுத்தியிருந்தாள். இன்னொரு கையைத் தொட்டிலுக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. நடிக்க வந்தவள் என்று நினைத்துக்கொண்டு சுற்றி நின்றவர்கள் படம் எடுத்தார்கள். "நல்லாப் பண்றாங்க லா" என்று ஒரு பையன் சொன்னது ரூபினியின் காதில் தெளிவாக விழுந்தது.

"லைட்டைப் போடுங்க!" என்று கத்தினாள் ரூபினி. "எல்லாரும் வெளிய போங்க!"

விளக்கு எரிந்தது. அட்டைச் சுவரும் எந்திரத்தின் ஒயரும் தெரிந்தன. கூட்டம் முணுமுணுத்தபடி நகர்ந்தது. அண்ணி மெல்லத் தலையைத் திருப்பினாள்.

"இத யாரு மாட்டினா?"

ரூபினி குனிந்து எந்திரத்தின் ஒயரைப் பிடுங்கினாள்.

"கலர்கூட மறக்கலையே நீ" என்றாள் அண்ணி. கோபமாகச் சொல்லவில்லை. சாரோங்கை விட்டுவிட்டு, ரூபினியைத் தொடாமல் பக்கவாட்டில் விலகி வெளியே நடந்தாள்.

மறுநாள் காலை சலேஹா முகமெல்லாம் சிரிப்பாகக் கூப்பிட்டாள். அண்ணியின் படம் ஆயிரக்கணக்கான தொலைபேசிகளில் ஓடிக்கொண்டிருந்தது. "யார் இந்த நடிகை? அடுத்த வருடத்துக்கும் இவரையே போடலாம்."

ரூபினி சொன்னாள். கிஷனைப் பற்றி, சமையலறையில் கேட்டதைப் பற்றி, நிறத்தைப் பற்றி. சலேஹாவின் சிரிப்பு மெல்ல மெல்ல அணைந்தது.

"தோணுச்சுன்னு சொன்னாயே" என்றாள். "ஒருவர் வீட்டுச் சாவு என்று தெரிந்திருந்தால் நான் தொட்டிருப்பேனா? என்னிடம் கேட்டிருந்தால் வேண்டாமென்றுதான் சொல்லியிருப்பேன். அது உனக்கும் தெரியும். அதனால்தானே சொல்லவில்லை?"



அன்றைக்கே அறையை மூடினார்கள். திரையிலிருந்து அடுத்த ஆண்டு அறிவிப்பு மறைந்தது. அந்த இடத்தில் பனித் திருவிழாவின் பென்குவின்கள் ஓடின. காஜா மொய்தீன் தொட்டிலைக் கழற்றிச் சாரோங்கை மடித்து ரூபினியின் மேசையில் வைத்துவிட்டுப் போனார். படங்களை நீக்கச் சொல்லி அவள் தெரியாதவர்களுக்கெல்லாம் எழுதினாள். சிலர் நீக்கினார்கள். ஒரு இடத்தில் அழித்தால் இன்னொரு இடத்தில் முளைத்தது. வேலையை விட்டுவிடுகிறேன் என்று போய் நின்றபோது, "ஓடிப்போனால் சரியாகிவிடுமா?" என்று கேட்டுச் சலேஹா அவளை நீர்ச்சறுக்குப் பக்கம் மாற்றிவிட்டாள்.

அண்ணன் ஒரே ஒருமுறை தொலைபேசியை எடுத்தான். "எம் புள்ளைய பேயாக்கிட்டல்ல? இனிமே இந்தப் பக்கம் வராத" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். தீபாவளியன்று அவள் பூங்காவில் கோலப் போட்டிக்கு வந்தவர்களுக்குக் குடிநீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். புடவை கட்டி வந்த குடும்பங்களைப் பார்க்க முடியாமல் அடிக்கடி குனிந்து பாட்டில்களை அடுக்கினாள்.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் அண்ணியே கூப்பிட்டாள்.

"செவ்வாக்கிழமை அவருக்குக் காலை ஷிப்ட். வா" என்றாள்.

ரூபினி போனாள். அண்ணி கதவைத் திறந்து நாற்காலியைக் காட்டினாள். தேநீர் கொடுக்கவில்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் ரூபினிக்கு ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. "மன்னிச்சிருங்க அண்ணி" என்று மட்டும் சொன்னாள்.

"மன்னிச்சிட்டேன்னு சொன்னா நீ நிம்மதியா போயிருவ" என்றாள் அண்ணி. "எனக்கு அந்தச் சத்தம் இப்ப கேக்கல. தெரியுமா ஒனக்கு? அங்க கேட்டதுலேருந்து கேக்கல. சாயங்காலம் ஒக்காந்து பாத்தாலும் மத்தவங்க கத்தறதுதான் காதுல வருது."

ரூபினி தலையைக் குனிந்துகொண்டாள். ஓங்கி அறைந்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. கீழே சந்தைப் பக்கம் மீன் லாரி பின்வாங்கும் ஒலி கேட்டது.

"நீ அவன தூக்கியிருக்க" என்றாள் அண்ணி திடீரென்று. "அவர்கிட்ட கேட்டா எழுந்து போயிடறாரு. எங்கம்மா அழுவாங்க. நீ சொல்லு. ஒனக்கு என்ன ஞாபகம் இருக்கு?"

"அவன் ரொம்ப அழகா..."

"அழகுன்னெல்லாம் சொல்லாத. பார்க்குக்கு எழுதற மாதிரி எழுதாத. என்ன நடந்துச்சோ அதச் சொல்லு."

ரூபினி யோசித்தாள். வார்த்தைகளை விற்றுப் பிழைத்த வாய்க்கு அது சுலபமாக வரவில்லை.

"ஒருநாள் நான் தூக்கி வெச்சிருந்தேன். தும்மினான். தும்மிட்டு, யாரு தும்மினான்னு தெரியாம என்னைய மொறச்சுப் பாத்தான். பாத்துகிட்டே இருந்தான். அப்புறம் மறுபடியும் தும்மி, பயந்து, அழுதான்."

அண்ணியின் உதடு துடித்தது. "அது நீங்க ரெண்டு பேரும் ஜன்னல்கிட்ட நின்னப்ப. நீ அந்தத் துணிய சரியா சுத்தல. அதான் தும்மினான்."

"ஆமா. திட்டினீங்க."

"திட்டினேன்" என்றாள் அண்ணி. "வேற?"

ரூபினி சொன்னாள். பால் குடிக்கும்போது தன் காதையே பிடித்து இழுத்ததைச் சொன்னாள். மருத்துவமனையில் அவன் விரலில் மாட்டிய கருவியின் சிவப்பு விளக்கை அவன் வாய்க்குக் கொண்டுபோனதைச் சொன்னாள். சில இடங்களில் அண்ணி திருத்தினாள். ஒரு இடத்தில், "இது எனக்குத் தெரியாதே" என்று சொல்லி மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னாள். சொல்லச் சொல்ல ரூபினிக்குக் குற்றவுணர்வு குறையவில்லை. எதைக் கொண்டுபோய்க் கூட்டத்துக்கு முன்னால் வைத்தோம் என்பது இப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. ஆனாலும் நிறுத்தாமல் சொன்னாள்.

கதவு திறந்தது. லோகேஸ்வரன் ஷிப்ட் முடிந்து சீருடையோடு நின்றான். தங்கையைப் பார்த்தான். கையிலிருந்த சோற்றுப் பொட்டலத்தை மேசையில் வைத்தான். உள்ளே போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான்.

ரூபினி எழுந்தாள். அண்ணி வாசல்வரை வந்தாள்.

"இந்த மாசம் பூரா செவ்வாக்கிழமை அவருக்குக் காலை ஷிப்ட்தான்" என்றாள், தணிந்த குரலில். "அவனப் பத்தி இன்னும் ஏதாவது இருந்தா யோசிச்சு வெச்சிட்டு வா."