காப்பு கட்டிய பூச்சட்டி

ஐந்து முறை குப்பைக்குப் போன பூச்சட்டி, ஐந்து முறையும் பிரேமலாவின் வாசலுக்குத் திரும்பி வந்தது. லிஃப்ட் மூன்று வருடமாகப் பழுது. ஆகவே நான்கு மாடியும் படியேறித்தான் வந்தது.

அது பாலைவன ரோஜா. ரெங்கத்தில் ரப்பர் தோட்ட வீடுகளை இடித்தபோது, அங்கே நாற்பது வருடம் பால் வெட்டிய அவள் குடும்பத்துக்கு ஒரு வாரம் தவணை கொடுத்தார்கள். ஒரு வாரம்! பிரேமலா ஜொகூர் பாரு நகர அடுக்குமாடிக்குத் தூக்கி வந்த உயிருள்ள பொருள் அந்தச் செடி மட்டும்தான். ஓயாத மழையில் அதன் பருத்த அடி அழுகத் தொடங்கியது. விதை எடுக்காவிட்டால் அதோடு முடிந்தது. தொழிற்சாலை வேலை முடிந்து வந்து, பூப்பூவாகப் பல்குத்தும் குச்சியால் மகரந்தம் தொட்டு வைத்தாள். மாதக்கணக்கில் காத்திருந்து பிடித்தது ஒரே ஜோடிக் காய், ஆட்டுக் கொம்பு மாதிரி. முற்றி வெடித்தால் விதைகள் பஞ்சோடு பறந்துவிடும்; காயை நூலால் சுற்றிக் கட்ட வேண்டும். வீட்டில் நூல் இல்லை. மாரியம்மன் திருவிழாவில் மிஞ்சிய மஞ்சள் காப்புக் கயிறு இருந்தது, அதைக் கட்டினாள். காப்பு கட்டினால் அவிழ்க்கும்வரை எல்லை தாண்டக் கூடாது என்பதை அவள் அவசரத்தில் மறந்துவிட்டாள். செடி மறக்கவில்லை.

கயிற்றைக் கொடுத்தவர் கோயில் செயலாளர் சுகுமாறன். அடுக்குமாடி நிர்வாகக் குழுத் தலைவரும் அவரே. லிஃப்டைக் கவனிக்க நேரமில்லாத அந்த மனிதருக்கு ஒரு பூச்சட்டி கண்ணை உறுத்தியது. இதை எழுதும்போதும் எரிச்சலாக வருகிறது.

“ரூல்ஸ்னா ரூல்ஸ் லா. நடைபாதையில சட்டி வைக்கக்கூடாது.”

“காய் முத்த இன்னும் ஒரு மாசம்தான் அண்ணே. அப்புறம் நானே எடுத்துர்றேன்.”

மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் ஆள் வைத்துத் தூக்கி எறிந்தார். மாலையில் சட்டி வாசலில் இருந்தது. தொலைவிலிருந்த சிம்பாங் ரெங்கம் குப்பைமேடு வரை லாரியில் அனுப்பிய தடவை மட்டும் திரும்ப இரண்டு நாள் பிடித்தது. அடியில் செம்மண் ஒட்டியிருந்தது. ஐந்தாம் முறைக்குப் பிறகு சுகுமாறன் மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

“அந்தக் கயித்த அவுத்துரும்மா, புண்ணியமா போவும்.”

“ரெங்கத்துல எங்களத் தூக்கி எறிஞ்சப்ப எங்களுக்குத் திரும்பி வரத் தெரியல அண்ணே. இதுக்குத் தெரியுது. காய் வெடிக்கட்டும், அவுக்கறேன்.”

மூன்று வாரத்தில் காய் வெடித்தது. கயிற்றுக்குள் எழுபது விதைகள், ஒன்றுகூடப் பறக்கவில்லை. அவிழ்த்த அன்றே செடி சாய்ந்தது. பிரேமலா அதைத் தானே சுமந்து போய்க் குப்பைத் தொட்டியில் வைத்தாள். அது திரும்பி வரவில்லை.

இப்போது நான்காம் மாடியில் எல்லா வாசலிலும் கன்றுகள் நிற்கின்றன. அறிவிப்புப் பலகையில் விதி மாறிவிட்டது: நடைபாதையில் பூச்சட்டி வைக்கக் கூடாது, காப்பு கட்டியவை நீங்கலாக. அவிழ்த்த கயிற்றைப் பிரேமலா தன் மணிக்கட்டில் கட்டியிருக்கிறாள். அதை அவிழ்க்கும்படி அவளிடம் யாரும் கேட்பதில்லை.