செவ்வாய்க்கிழமை டப்பா

அந்த ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்தில் தலைமைச் சமையற்காரிக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் சோப்பக்கா. கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவாமல் ஒருவரும் அவள் அடுப்புப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. "மோதிரத்தைக் கழட்டும்மா, கல்யாணம் ஒண்ணும் முறிஞ்சுடாது" என்பாள். தலையில் தொப்பி இல்லையென்று மேற்பார்வையாளரையே ஒருமுறை வாசலோடு திருப்பி அனுப்பியவள்.

செவ்வாய்க்கிழமை மதியம், மென்று தின்ன முடியாத நோயாளிகளுக்காக உருளைக்கிழங்கை மசித்து, பால் ஊற்றிக் கிளறி அனுப்பினார்கள். சாயங்காலத்துக்குள் மூன்றாம் மாடி வார்டில் பதினோரு பேருக்கு வாந்தி. செவிலியர்கள் வாளியும் கையுமாக ஓடினார்கள்.

செய்தி கீழே வந்ததுமே சோப்பக்கா தன் விரலில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கத்தி பட்டு அவளுடைய வலது ஆள்காட்டி விரலில் வெட்டு. செவ்வாய்க்கிழமை அது சீழ் கட்டியிருந்தது. புண்ணுள்ள கை சாப்பாட்டைத் தொடக்கூடாது. அந்தச் சட்டத்தைச் சுவரில் எழுதி ஒட்டியவளே அவள்தான். ஆனால் அன்று இரண்டு பேர் லீவு. கையுறை இருக்கிறதே என்று வேலையில் இறங்கினாள். சூடான கிழங்கில் கையுறையோடு தோல் உரிக்க வரவில்லை. இரண்டே நிமிஷம் என்று கழற்றிப் போட்டாள். அதற்கு மேல் லிஃப்ட் வேறு மக்கர் பண்ண, பாத்திரம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேசையிலேயே ஆறிக் கிடந்தது.

மறுநாள் காலை மேற்பார்வையாளர் வந்தார். "பத்து மணிக்குப் பரிசோதனைக்கூடத்துலேர்ந்து வர்றாங்க அக்கா. மாதிரி டப்பா கேப்பாங்க."

ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் ஒரு கரண்டி எடுத்து, டப்பாவில் தேதி எழுதி, மூன்று நாள் ஃப்ரிஜ்ஜில் வைப்பது அங்கே வழக்கம்.

அவர் பார்வை அவள் விரலில் இருந்த கட்டின் மேல் விழுந்தது. குரலைத் தாழ்த்தினார். "டப்பா கை தவறி விழுந்துடுச்சுன்னு வெச்சுக்குங்களேன். நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

"அப்புறம் பழி யார் தலையில விழும்?"

அவர் தொட்டிப் பக்கம் பார்த்தார். அங்கே பாத்திரம் கழுவுகிறவள் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. காலையிலிருந்து மூன்று பேர் அவளிடம் ஒரே கேள்வியைக் கேட்டாயிற்று. மூன்று பேரிடமும், "ரெண்டு தடவை கழுவினேங்க" என்றே சொல்லியிருந்தாள்.

மேற்பார்வையாளர் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். சோப்பக்கா ஃப்ரிஜ்ஜைத் திறந்து டப்பாவை எடுத்தாள். குப்பைத்தொட்டி இரண்டு எட்டில் இருந்தது. பத்தொன்பது வருஷத்துப் பெயர். கதவைத் திறந்து போட்டபடியே நின்றாள்; ஃப்ரிஜ் கீங்கீங்கென்று கத்த ஆரம்பித்தும் நகரவில்லை.

"ஏம்மா," என்று கடைசியில் தொட்டிப் பக்கம் குரல் கொடுத்தாள். "கையைத் துடைச்சுட்டு இங்க வா. தேதி சரியா இருக்கான்னு பாரு. எனக்குக் கண்ணு மங்குது."

பத்து மணிக்கு வந்தவர்களிடம் டப்பாவைக் கொடுத்தாள். பிறகு விரல் கட்டைப் பிரித்து நீட்டினாள். "இதுலேர்ந்தும் எடுத்துக்குங்க."

இரண்டிலும் ஒரே கிருமி. பத்துப் பேர் தேறிவிட்டார்கள். ஏழாம் படுக்கைப் பெரியவருக்கு ஏற்கெனவே சிறுநீரகம் சரியில்லை, வெள்ளிக்கிழமை போய்விட்டார். "இதனாலதான்னு சொல்ல முடியாது. இதனால இல்லேன்னும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். அதைவிட அவர் நேராகத் திட்டியிருக்கலாம் என்று சோப்பக்காவுக்குத் தோன்றியது.

போக வேண்டாம் என்று நிர்வாகம் சொல்லியும் மாடி ஏறினாள். பெரியவரின் மகள் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சாப்பாடு நான் செஞ்சதும்மா. கையில புண்ணு இருந்தது. தெரிஞ்சுதான் செஞ்சேன்."

மகள் மடித்த போர்வையைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். "ரெண்டு வாரமா அப்பா எதையுமே சரியாச் சாப்பிடலை. அன்னிக்குத்தான் நல்லா இருக்கு, இன்னும் கொஞ்சம் குடுன்னாரு. நான்தான் ஊட்டினேன்."

மகள் போர்வையைக் கட்டிலில் வைத்தாள்.

"உங்களை என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலை. இப்ப போயிடுங்க."

சோப்பக்கா போய்விட்டாள்.

விசாரணையில் தலைமைப் பொறுப்பு போயிற்று. விரல் ஆறும்வரை வீட்டில் இருந்துவிட்டு, சாதாரணச் சமையற்காரியாகத் திரும்பினாள். முதல் நாள் மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது அவளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலியாகவே கிடந்தது. பாத்திரம் கழுவுகிறவள் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சாப்பிடுங்கக்கா."

"இறங்க மாட்டேங்குது."

"இறங்காட்டியும் சாப்பிடுங்க. நாலு மணிக்கு மறுபடி அடுப்புல நிக்கணும்ல?"

சோப்பக்கா ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தாள்.