நீலம் பாய்ந்த சட்டை

ஹபீபுல்லாவுக்குக் கோபம் வரக் காரணமே வேண்டாம் என்பார்கள் தென்காசியில். அன்றைக்குக் காரணம் இருந்தது.

பேரன் பிறந்து ஏழாம் நாள். முடியிறக்கி, பேர் வைத்து, ஆடும் அறுத்தாயிற்று. பிறந்து நாற்பது நாள் கழியாமல் தாயையும் பிள்ளையையும் வாசல் தாண்ட விடமாட்டார்கள். போதாததற்கு வெளியே சாரல். ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டு, பகலிலும் மஞ்சள் பல்பைப் போட்டு வைத்திருந்தார்கள். பிள்ளை மஞ்சளாக இருக்கிறான், பாலும் குடிக்கவில்லை, ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள் என்று அவர் இரண்டு நாளாகச் சொல்கிறார். கேட்க ஆளில்லை.

"பல்பு மஞ்சளு. அதுக்குக் கீழ உங்க மூஞ்சியுந்தான் மஞ்சளா இருக்கு. உங்களையுமா தூக்கிட்டுப் போக?" என்றாள் மனைவி சைதூன் பீவி.

படம் எடுக்க இசக்கிராஜா வந்திருந்தான். சீசனில் குற்றாலத்து அருவிக்கரையில் கேமராவோடு நிற்கிறவன். தாத்தா மடியில் பிள்ளையை வைத்து எடுத்தான். மகள் ஷிஃபா அதைத் தன் போனுக்கு வாங்கி, சவூதியில் தம்மாமில் இருக்கும் புருஷனுக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது.

"மாமா, பிள்ளை ரோசாப்பூ கணக்கா இருக்கான். சும்மா ஆஸ்பத்திரின்னு சொல்லி அவளப் பயங்காட்டாதீங்க" என்றான் மருமகன் ரிஃபாத்.

"அவங்களே சொல்லிட்டாங்க அத்தா" என்றாள் ஷிஃபா. பெற்றவன் சொல்லிவிட்டான், இனி கிழவன் பேச்சு எடுபடாது.

ஹபீபுல்லா போனைப் பிடுங்கிப் படத்தைப் பார்த்தார். பிள்ளை சிவப்பாகத்தான் இருந்தான். ஆனால் அவர் போட்டிருந்த வெள்ளைச் சட்டை, சொட்டு நீலத்தைப் பாட்டிலோடு கவிழ்த்தது போல் இருந்தது.

"ஏலே, இங்கன வா. என் சட்ட என்ன நெறம்?"

"வெள்ளை, பாய்."

"படத்துல?"

இசக்கிராஜா எட்டிப் பார்த்தான். "அது ஒயிட் பேலன்ஸ், பாய். பல்பு மஞ்சளடிக்கும். கேமராவுல அதைக் குறைக்கணும். வெள்ளைப் பேப்பரக் காட்டி சரியாத்தான் வச்சேன்."

"பொறவு?"

"பேப்பரு வெள்ளையாயிட்டு. பிள்ளை மட்டும் மஞ்சளாவே தெரிஞ்சான். நல்ல நாளும் அதுவுமா எதுக்குன்னு, அவன் மூஞ்சியப் பாத்து இன்னுங் கொஞ்சம் குறைச்சேன். எல்லா வீட்டுலயும் பிள்ளை செவப்பாத்தான கேக்காங்க."

ஹபீபுல்லாவுக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது.

"பேப்பரு வெள்ளையான பொறவும் பிள்ளை மஞ்சளா இருந்தா, மஞ்சளு பல்புலயா இருக்கு? ரெண்டாங் கிளாஸ் படிச்ச எனக்குத் தெரியுது. இம்புட்டுப் பெரிய கேமராவக் கழுத்துல தொங்கவிட்டிருக்க, ஒனக்குத் தெரியல. பெத்தவன் கண்ணையும் சேத்துல்லா கெடுத்துட்ட." பிள்ளையைத் திரும்ப மடியில் வைத்தார். "எடு. என் சட்ட வெள்ளையா வரணும். பிள்ளை எப்படி வந்தாலும் சரி."

அவன் மறுபடி பேப்பரைக் காட்டி, வேறெதையும் தொடாமல் எடுத்தான். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சட்டை வெள்ளை. பல்பு வெளிச்சத்தில் பின்னால் நின்ற சைதூன் பீவியின் முகம்கூட அதன் நிறத்தில் இருந்தது. மடியில் கிடந்த பிள்ளை மட்டும் மஞ்சள் தண்ணியில் முக்கி எடுத்த துணி.

ஷிஃபா அழுதுகொண்டே அந்தப் படத்தையும் தம்மாமுக்கு அனுப்பினாள்.

"நாப்பது கழியலியே. சாரல் வேற..." என்று சைதூன் பீவி இழுத்தாள்.

"ஒன் நாப்பதத் தூக்கி ஒடப்புல போடு. கம்பிளியக் கொண்டா."

போன் அடித்தது. ஸ்பீக்கரில் ரிஃபாத். "மாமா, ரெண்டாவது படம் என்ன இப்படி மஞ்சளா வந்திருக்கு? போட்டோக்காரனுக்கு எடுக்கத் தெரியல. மொதப் படத்தையே பிரிண்டு போடச் சொல்லுங்க."

ஹபீபுல்லா பிள்ளையைக் கம்பளியில் சுற்றினார். ஷிஃபா செருப்பைத் தேடினாள். அவர் போனை எடுத்து இசக்கிராஜாவின் கையில் திணித்தார்.

"நீ சொல்லுலே. செவப்பாக்கினவன் நீதான."

சாரலில் இறங்கி ஆட்டோவைக் கூப்பிட்டார். உள்ளே இசக்கிராஜா போனைக் காதில் வைத்து, "அண்ணே, மொதப் படத்துல மாமா சட்டையப் பாருங்க" என்று தொடங்கினான்.