முறுக்கும் முன் வைத்த மஞ்சள் புள்ளி

தடாலென்று ஒரு சத்தம். கார் செய்யும் பட்டறையின் தகரக் கூரை அதிர்ந்தது. முற்றத்தில் இழுவை லாரியிலிருந்து ஒரு காரை இறக்கிப் போட்டிருந்தார்கள்.

விடியற்கால ஷிஃப்ட் தொடங்கிக் கொஞ்ச நேரந்தான் ஆகியிருந்தது. மொதேனா நகரத்தின் மூடுபனி சன்னல்களில் சாம்பல் பூசியதுபோல் அப்பியிருந்தது. இரும்பின் குளிர் கையுறையைத் தாண்டி விரல் எலும்பில் ஏறும் நேரம். குனிந்து நட்டை முறுக்கிக்கொண்டிருந்த நீவெஸ், ரெஞ்சைப் போட்டுவிட்டு எல்லோரோடும் வெளியே ஓடினாள்.

முந்தின நாள் மாலை, சோதனை ஓட்டுநர் லோரிஸ் மலைப்பாதைக்கு ஓட்டிப்போன கார். மிதிபட்ட தகர டப்பாவாகத் திரும்பியிருந்தது. லோரிஸ் ஆஸ்பத்திரியில் கிடந்தான். கால் முறிந்துவிட்டது, இடுப்பு எப்படியென்று இன்னும் தெரியவில்லை என்றார் லாரிக்காரர். முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையில் போல்ட் இருந்தது. நட்டு இல்லை. நட்டு இருந்த இடத்தின் ஓரத்தில் மஞ்சள் பெயிண்ட் பாதிப் புள்ளியாக ஒட்டியிருந்தது.

நீவெஸ் குனிந்து அந்தப் பாதிப் புள்ளியையே பார்த்தாள்.

அந்தப் புள்ளி என்ன சொல்கிறது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். டார்க் ரெஞ்சால் முறுக்க முறுக்க, சரியான இறுக்கம் வந்ததும் அது 'டக்' என்று ஒரு குரல் கொடுக்கும். அதற்குப் பிறகே தூரிகையால் ஒரு மஞ்சள் புள்ளி வைக்க வேண்டும். முதலாளி லுஸ்வார்கி, கார் வாங்க வரும் பணக்காரர்களிடம் எஞ்சினைப் பற்றியும் உலோகத்தைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவார். ஆனால் அந்தக் காரில் வேகமாக வளைவில் திரும்புகிறவனின் உயிர், முகம் தெரியாத யாரோ பொய் சொல்லாமல் வைத்த புள்ளியில்தான் தொங்குகிறது.

கோடைக்குப் பிறகு கார்களின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள், ஆளைக் கூட்டவில்லை. ஒவ்வொரு நட்டுக்கும் ரெஞ்சை வைத்துத் தூரிகையை எடுப்பது கட்டுப்படியாகவில்லை. யார் தொடங்கினார்கள் என்று தெரியாது. முதலில் எல்லா நட்டுக்கும் ஒரே மூச்சில் மஞ்சள் வைத்துவிடுவது, அப்புறம் வரிசையாக முறுக்குவது என்று பழகிப்போனது.

போன வாரம் பக்கத்து வேலைமேடையின் கார்மேலோ கண்ணைக் காட்டிவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினான். வழக்கம்போல நீவெஸ் அவன் இடத்தில் நின்றாள். மஞ்சளை வைத்தாள். கையால் திருகி மாட்டியிருந்த நட்டுகளை முறுக்கத் தொடங்கும்போது மேஸ்திரி அவளை அவள் மேடைக்குக் கூப்பிட்டார். போய்விட்டாள். திரும்பி வந்த கார்மேலோ மஞ்சளைப் பார்த்தான். முடிந்தது என்று காரைத் தள்ளிவிட்டான். அந்தக் கார்தான் இது.

"இது யாரு மேடை?" என்று லுஸ்வார்கி கேட்டார். குரலை உயர்த்தவேயில்லை.

கார்மேலோ ஓரடி முன்னால் வந்தான். தெற்கே கலாப்ரியாவிலிருந்து வந்து இரண்டு குளிர்காலமாகியும் உள்ளூர்க்காரர்களுக்கு அவன் 'தெற்கத்தியான்'தான்.

"நெனச்சேன். ஆரஞ்சு பறிச்ச கையில ரெஞ்சக் குடுத்தது என் தப்பு. துணிய எடுத்துக்கிட்டுக் கெளம்பு."

யாரோ இரண்டு பேர் சிரித்தார்கள். கார்மேலோ ஒன்றும் சொல்லவில்லை. நீவெஸும் சொல்லவில்லை. அவன் அலமாரியைத் திறந்து மூடிய சத்தம் அவள் கன்னத்தில் அறைந்தது.

அதற்குப் பிறகு அவள் முறுக்கிய ஒவ்வொரு நட்டும் 'டக்' என்றபோது கூசினாள். இடைவேளையில் சூடான பாலையும் ரொட்டியையும் அப்படியே தள்ளிவைத்தாள். சாப்பாட்டுக் கூடத்தில் தொழிலாளர் குழுவின் எர்மெஸ் கூட்டத்தைத் தொடங்கி, தெற்கத்தியான் கவனமில்லாதவன்தான், இருந்தாலும் விசாரிக்காமல் அனுப்பியது தப்பு என்று பேசிக்கொண்டிருந்தார். அந்த 'கவனமில்லாதவன்' அவளை எழுப்பிவிட்டது.

"அவன் வைக்கல. நான் வச்சேன்," என்றாள். "மஞ்ச வச்சேன், முறுக்கல. காலைலேர்ந்து வாய மூடிட்டு நிக்கிறேன்."

அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. திட்டுவார்கள் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. ஆனால் எதிரே இருந்த தலைகளும் ஒவ்வொன்றாகக் குனிந்தன. கடைசியில் எர்மெஸ் தன் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பிரேக் மேடையில நானுந்தான் மஞ்சள முதல்ல வைக்கிறேன். இதுல நான் குழுத் தலைவரு வேற."

ஸ்டியரிங் மேடைக்காரன் கையைத் தூக்கினான். பிறகு இன்னொருத்தி. காலையில் சிரித்த இருவரும் தூக்கினார்கள். யாரும் யாரையும் சமாதானப்படுத்தவில்லை. அதிகம் பேச வேண்டியும் இருக்கவில்லை. முடிவு செய்தது இவ்வளவுதான்: கட்டிமுடித்த கார்கள் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நட்டையும் மறுபடி முறுக்குவது. அதுவரை புதிய கார் ஒன்றும் நகராது. இனி 'டக்' கேட்காமல் மஞ்சள் கிடையாது. கார்மேலோ தன் மேடைக்குத் திரும்ப வேண்டும்.

வெளியே, மூடுபனியில் இன்னும் வராத பஸ்ஸுக்காகப் பையோடு நின்ற கார்மேலோவைக் கூட்டிவர எல்லோருமே நடந்தார்கள். அவன் மிரண்டு போனான். நீவெஸ் அவன் பையை வாங்கிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க வார்த்தை வரவில்லை. பையை நெஞ்சோடு அணைத்தபடி நடந்தாள்.

முற்றத்தில் லுஸ்வார்கி வழிமறித்தார்.

"நான்தான் செஞ்சேங்க," என்றாள் நீவெஸ்.

"அப்ப நீயும் கெளம்பு."

"அப்படின்னா நாங்க எல்லாருமே கெளம்பணும்," என்றார் எர்மெஸ். "ஒங்க காருல எங்க யாரு புள்ளியையும் இப்ப நம்ப முடியாது. மறுபடி முறுக்கித் தர்றோம். அதுக்கு எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு ஆகும்."

"மாசக் கடைசிக்குள்ள அனுப்ப வேண்டிய காருங்க அதெல்லாம்."

"லோரிஸும் அனுப்பின காருலதான் போனான்."

லுஸ்வார்கி போலீசைக் கூப்பிடுவேன் என்றார். கதவைப் பூட்டுவேன் என்றார். யாரும் நகரவில்லை. நாளைக்கு என்ன ஆகும் என்று அவர்களுக்கும் தெரியாது. தோளோடு தோள் உரசி நின்றதில் குளிர் மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது.

அவர் கார்மேலோ பக்கம் திரும்பினார். "ஒன்மேல தப்பில்லேன்னா காலையிலயே ஏன்டா வாயத் தொறக்கல?"

கார்மேலோவின் காதுமடல் சிவந்தது. அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்:

"அவங்க ஏன் என் எடத்துல நின்னாங்கன்னு நீங்க கேப்பீங்க. ஒண்ணுக்குப் போகக்கூட எங்களுக்கு நேரம் இல்லேன்னு இத்தன பேரு முன்னாடி சொல்ல வெக்கமா இருந்துச்சுங்க."